டொக்டர் யாருக்குக் கடன்பட்டவர்?

உயர்தரப் பெறுபேறு வெளியாகி ஊர்ப் பிள்ளையொருவர் மருத்துவபீடத்துக்குத் தெரிவானால் என்ன நடக்குமென்பது நம் எல்லோருக்கும் தெரியும். சந்தியில் பதாகை ஏறும். பாடசாலை மண்டபத்தில் பாராட்டு விழா நடக்கும். "நமது மண்ணுக்கு ஒரு டொக்டர் கிடைத்துவிட்டார்" என்று மேடையில் ஒருவர் தழுதழுப்பார். பத்துப் பன்னிரண்டு வருடங்கள் கழித்து, நெஞ்சுநோவென்றால் அதே மனிதர் கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிறார். அந்தப் பிள்ளை டொக்டராகத்தான் ஆனார். ஆனால் இந்த மண்ணுக்குக் கிடைத்தாரா? கிடைக்கவில்லையென்றால் கடன் மறந்தவர் அவர்தானா?

நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றில் படிப்பிப்பவன். வைத்தியம் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, நோயாளிகளுக்குத் துணையாகப் போய் வாங்குகளில் காத்திருந்த தகுதி மட்டுமே. எனினும் பிள்ளைகளை உயர்தர உயிரியல் பிரிவை நோக்கி ஏற்றிவிடும் ஏணியில் நானும் ஒரு படி என்பதால் இந்தக் கேள்வி எனக்கும் உரியது.

முதலில் நியாயமாகப் பேசுவோம். இந்த நாட்டில் வைத்தியமே இல்லையென்று சொன்னால் அது பொய். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. தடுப்பூசியிலும் தாய்சேய் நலத்திலும் நம்மைவிடப் பணக்கார நாடுகள் பல நம்மைப் பார்த்து வியந்திருக்கின்றன. எங்கள் கரையோரத்திலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் நாம் அநாதைகளல்லர். அதற்கு அப்பால் ஏதும் வந்தால்தான் தேடல் தொடங்குகிறது.

அந்தத் தேடலின் முதற் துன்பம், எவரைத் தேடுவதென்று தெரியாமையே. நமது நாட்டில் ஒருவர் குடும்ப வைத்தியரின் கடிதமின்றியே எந்த நிபுணரையும் நேரே சனல் பண்ணலாம். இது பெரிய சுதந்திரம்போல் தோன்றுகிறது. உண்மையில் தனது நோய் இன்னதென்று நோயாளியே தீர்மானிக்க வேண்டிய நிலை இது. தலைச்சுற்று வந்தவர் நரம்பு டொக்டரிடம் போவதா, காது டொக்டரிடம் போவதா, இருதய டொக்டரிடம் போவதா? பக்கத்து வீட்டு மாமியின் அனுபவமும், பார்மசிக்காரத் தம்பியின் அபிப்பிராயமும்தான் வழிகாட்டி. நகையை அடகு வைத்து, இரவு முழுக்க பஸ்ஸில் குந்தி, காலையில் இலக்கம் எடுத்து, ஐந்து நிமிடம் பார்த்த பிறகு, "இது எனது துறையல்ல" என்ற பதிலோடு திரும்பியவர்களை நான் அறிவேன்.

இரண்டாவது துன்பம் தூரம். எங்கள் மூத்த மாமா வட்டையில் வேளாண்மை செய்தவர். ஒருநாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது, வலது கை சோர்ந்தது. அருகிலுள்ள சிறிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஸ்கேன் வசதியுள்ள மற்றொன்றுக்கு. பக்கவாதத்தில், மூளைக்குள் இரத்தம் கசிந்ததா அல்லது இரத்தக்கட்டி அடைத்ததா என்பதை ஸ்கேன் எடுத்தே பிரித்தறிய வேண்டும். அடைப்பென்றால் கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். மாமாவுக்கு ஸ்கேன் எடுத்தபோது லுஹரும் கழிந்திருந்தது. வழியில் எந்த இடத்திலும் எவரும் அலட்சியம் செய்யவில்லை. எல்லோரும் தத்தமது வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். மாமா உயிர் தப்பினார், பேச்சு திரும்பவில்லை. யார்மீதும் கோபப்பட முடியாத அநியாயம் இது. அதனாலேயே, அதைப் பற்றி யோசிப்பது கடினமாக இருக்கிறது.

கோபத்துக்கு ஆள் தேடும் மனம் உடனே டொக்டரிடம் போகிறது. "ஏழையின் வரிப்பணத்தில் படித்தவன் ஏழையை விட்டு ஓடிவிட்டான்" என்று சொல்வது இலகு. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்றபோது இந்தப் பேச்சு இன்னும் உரத்தது. ஆனால் இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்? இலவசக் கல்வியில் படித்தவர் டொக்டர் மட்டுமல்லர். பொறியியலாளரும் கணக்காளரும் அப்படித்தான் படித்தார்கள், நானும் அப்படித்தான். கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் நமது சகோதரர்களும் இதே பாடசாலைகளில்தான் படித்தார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு கட்டும் ஊர், டொக்டர் மட்டும் போகக்கூடாதென்று சொல்வதில் நியாயம் குறைவு.

இன்னொரு வாதம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. எனவே நமது பிள்ளைகள் பலரின் இடம் மாவட்டத்தின் பெயரால் கிடைத்த இடம். ஆகவே அவர்கள் மாவட்டத்துக்குக் கடன்பட்டவர்கள் என்பது வாதம். இது எனக்கு நீண்ட காலம் பலமாகத் தோன்றியது. என்னிடம் படித்து இப்போது வெளிநாட்டில் பணிபுரியும் டொக்டரொருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"சேர், கொழும்புப் பிள்ளைக்கிருந்த ஆய்வுகூடம் எனக்கு இருக்கல்ல. அந்தக் குறைக்காகத்தான் கோட்டா தந்த. செஞ்ச அநியாயத்துக்கு நட்டஈடு தந்துபோட்டு, அதையே கடனெண்டு கேக்கலாமா?" என்றார்.

பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அவர் தொடர்ந்தார்: "நான் வந்தாலும் தனிய என்னத்தச் செய்யிற? ஒப்பரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கிற டொக்டர் வேணும், இரத்தம் வேணும், தியேட்டர் மிஸ்ஸி வேணும். ஒண்டு இல்லாட்டியும் நானும் துண்டெழுதி மட்டக்களப்புக்கு அனுப்பத்தான் வேணும்."

அவர் சொன்னதில் முதற்பாதியை நான் முழுதாக ஏற்கவில்லை. நட்டஈடு பெற்றவருக்குக் கடனில்லை என்பது சரி. ஆனால் அதே அநியாயத்தை இன்னும் அனுபவித்துக்கொண்டிருப்பவர்களை அவரைப்போல் அறிந்தவர் வேறு யாருமில்லை. அறிந்தவருக்கு அறியாதவரைவிடக் கூடுதலான பொறுப்பு உண்டு. ஆயினும் அந்தப் பொறுப்பு ஆயுள் தண்டனையாக இருக்க முடியாது. ஆசிரியர்களாகிய நாங்கள் கஷ்டப் பிரதேசத்தில் சில வருடங்கள் சேவையாற்றுகிறோம். பின்னர் இடமாற்றம் பெறுகிறோம். அளவுள்ள கடமையை மனிதர் சுமப்பர். அளவில்லாத கடமையிலிருந்து தப்பி ஓடுவர்.

இரண்டாம் பாதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நிபுணரென்பவர் தனிமனிதரல்லர், ஒரு சங்கிலியின் ஒரு வளையம். இங்கே மார்க்கம் தந்த ஒரு சொல் உதவுகிறது: பர்ளு கிபாயா. ஜனாஸாத் தொழுகைபோல, சிலர் நிறைவேற்றினால் எல்லோரையும் விட்டு நீங்கும் கடமை. எவரும் நிறைவேற்றாவிட்டால் எல்லோர்மீதும் குற்றமாகும் கடமை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யா உலூமித்தீனில் மருத்துவத்தை இந்த வகையிலேயே சேர்க்கிறார். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் பதவியும் செல்வாக்கும் தரும் சட்டத் தர்க்கங்களிலேயே போட்டியிடுகிறார்களென்று அவர் குறைப்படுகிறார். ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடங்களுக்குப் பிறகு நிலைமை தலைகீழ். இன்று பதவியும் செல்வாக்கும் மருத்துவத்தில்தான். எல்லோரும் அதற்கே போட்டியிடுகிறார்கள். ஆனால் ஊரில் நோயாளி இன்னும் காத்திருக்கிறார்.

ஆகவே அந்தக் கடமை எப்போது நிறைவேறுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நமது பெயர்களில் எத்தனை டொக்டர்கள் உருவானார்கள் என்பதில் அது நிறைவேறுவதில்லை. நோயாளிக்கு உரிய நேரத்தில் வைத்தியம் கிடைப்பதில்தான் நிறைவேறுகிறது. தெற்கிலிருந்து நியமனம் பெற்று வந்த சிங்கள டொக்டரொருவர் "எங்க நோவுது உம்மா?" என்று கேட்கப் பழகி, எங்கள் தாய்மாரை வாட்டில் கவனிக்கும்போது அந்தக் கடமையில் ஒரு பங்கு நிறைவேறுகிறது. அவர் இரண்டு வருடத்தில் மூட்டை கட்டாமலிருக்க அவருக்கு ஒரு நல்ல விடுதியும், பிள்ளைக்குப் பாடசாலையும் உண்டா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சிறு வைத்தியசாலையில் ஆட்களில்லை என்று குறைசொல்லிக்கொண்டே நாமெல்லோரும் அதைத் தாண்டிப் போனால், நோயாளர் வராத இடத்துக்கு ஆளணி கேட்பது எப்படி?

இதனால் அரசின் பொறுப்பு குறைந்துவிடாது. ஆளணியும் ஸ்கேனும் அரசே தர வேண்டியவை. ஆனால் அரசியல்வாதியிடம் நாம் கேட்பது பெரும்பாலும் கட்டடம். அவருக்கும் பெயர்ப்பலகை பதிக்கக் கட்டடந்தான் வசதி. மயக்க மருந்து நிபுணருக்கும் இரவுநேர ஸ்கேன் உத்தியோகத்தருக்கும் திறப்புவிழா இல்லை. அதனால் நாமும் கேட்பதில்லை, அவர்களும் தருவதில்லை.

எங்கள் வைத்தியசாலை அபிவிருத்திக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. வர்ணம் பூசுவது, மதில் கட்டுவது நிகழ்ச்சிநிரலில் உண்டு. நான் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: இந்த ஊரில் ஒருவருக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு வாய் கோணினால், ஒன்பதரைக்கு முன் அவர் எந்தக் கட்டிலில் இருப்பார், அவரை அங்கு கொண்டுசேர்ப்பது யார்? டொக்டரின் கடனைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.