கம்பனிக் காசுதானே?



சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டு மிஷன் வானில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை இருட்டு. குறுக்கே வந்த மாடொன்றுக்கு விலத்தப்போய், வானை மதவுக் கட்டிலே மோதிவிட்டேன். இறைவன் கிருபையால் ஒருவருக்கும் காயமில்லை. முன் பம்பரும் இடப்பக்க விளக்கும் உடைந்தன.

மறுநாள் வானைக் கராச்சுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் வானை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பின்கதவில் பல மாதங்களாகக் கிடந்த பழைய நெளிவொன்று அவர் கண்ணிற் பட்டது.

“சுவாமி, வான் சறுக்கிப் பின்பக்கமும் பட்டது எண்டு எழுதுவம். அதுக்கேத்த மாதிரி நான் பில் தாறன். உங்கட காசே போகுது? கம்பனிக் காசுதானே!”

“வேண்டாம்” என்று அப்பொழுதே நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. “பார்ப்பம்” என்றேன். பங்குக் கணக்கில் மீதி எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். கம்பனிக்கு இதுவொரு நட்டமா, கோயிற் தேவைக்கு ஓடும் வாகனந்தானே என்றெல்லாம் அன்றிரவு என் மனமே எனக்குப் பிரசங்கம் செய்தது.

அடுத்தநாள் கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். படங்கள் எடுத்தபின் பேனையைத் திறந்துகொண்டு, “பின்கதவும் இந்த விபத்திலையோ, சுவாமி?” என்று கேட்டார். நான் என்ன சொன்னாலும் எழுத அவர் ஆயத்தமாய் இருந்தார். ‘சுவாமி’ என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது. “இல்லைத் தம்பி, அது கோயிற் படலைத் தூணிலே நான் இடித்தது” என்றேன்.

என்னைப் புகழ இதை எழுதவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் அந்தப் பொய்க்கு என் உள்ளத்திலே இடங்கொடுத்து வைத்திருந்தேன் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். பலிபீடத்தில் நிற்பவனுக்கே இது நேருமானால், வாகனத்தை நம்பிப் பிழைக்கும் ஏழைச் சாரதிக்கு வரும் சோதனை எத்தகையது என்பதை நான் உணர்கிறேன்.

எனினும், ‘கம்பனிக் காசு’ என்பது யாருடைய காசு? நமது ஊர்களில் மரணச் சகாய சங்கங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு சிறு தொகை சேர்த்து, இழவு விழுந்த வீட்டுக்குக் கொடுக்கிறோம். சாவு நடவாத வீட்டுக்காரர் ஒருவர் சாவு நடந்ததாகச் சொல்லிப் பணம் பெற்றால் ஊர் பொறுக்குமா? காப்புறுதியும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். ஆயிரம்பேர் தவணைப்பணம் கட்டுகிறார்கள். அவர்களுள் விபத்துக்குள்ளான சிலருக்கு அதிலிருந்து கொடுக்கப்படுகிறது. பொய்க் கோரிக்கைகள் பெருகினால் எல்லாருடைய தவணைப்பணமும் ஏறும். முதலாளிமாரின் மாளிகைக்கு வருமுன் அந்தச் சுமை ஓட்டோ ஓட்டும் அயலவன் தலையில் வந்துவிடும். முகந் தெரியாதவனிடமிருந்து எடுத்தாலும் களவு களவே.

இரண்டாவதாக, காப்புறுதி முழுவதும் சொல்லின்மேல் நிற்கிறது. 1766-ம் ஆண்டு இங்கிலாந்தில், சுமாத்திராத் தீவின் கோட்டையொன்றுக்கான காப்புறுதி பற்றி எழுந்த வழக்கில் மான்ஸ்பீல்ட் பிரபு இதனைத் தெளிவுபடுத்தினார். காப்புறுதி பெறுபவருக்கே உண்மை விபரங்கள் பெரும்பாலும் தெரியும். மற்றவர் அவர் சொல்லை நம்பியே பொறுப்பேற்கிறார். எனவே இருபக்கமும் முழு நன்னம்பிக்கை வேண்டும் என்பதே அதன் சாரம். அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே புனித தோமஸ் அக்குவினாஸ், விற்பவன் தன் பொருளின் மறைவான குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்ற வினாவை ஆராய்ந்தார். நொண்டிக் குதிரையை வேகமான குதிரையென விற்பதை அவர் உதாரணங் காட்டுகிறார். அக்காலத்துக் குதிரைக்குப் பதில் இன்று வாகனம் வந்திருக்கிறது, மனச்சாட்சி மாறவில்லை.

1992-ல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கட்டளைக்கு எதிரான குற்றங்களுள் பொய்ப் பற்றுச்சீட்டுத் தயாரிப்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது (2409). கராச்சில் கூட்டி எழுதப்படும் பில் வேறு என்ன? லூக்காஸ் நற்செய்தி 16-ம் அதிகாரத்தில், நூறு குடம் எண்ணெயை ஐம்பதென மாற்றி எழுதச் செய்த காரியக்காரனை நாம் அறிவோம். ஆண்டவர் அவனைப் புகழவில்லையா எனச் சிலர் கேட்பர். உவமையிற் பாராட்டப்படுவது அவனுடைய முன்மதி. அவனுக்கு அங்கே கொடுக்கப்படும் பெயரோ அநீதியுள்ளவன் என்பதே. அடுத்த வரிகளிலேயே, சிறியதில் நேர்மை தவறுபவன் பெரியதிலும் தவறுவான் என்று இயேசு எச்சரிக்கிறார்.

நெளிந்த கதவைவிடப் பாரதூரமானவை உண்டு. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத மகன் வாகனத்தைக் கொண்டுபோய் மோதிவிடுகிறான். “நான்தான் ஓட்டினேன்” என்று தகப்பன் எழுதிக் கொடுக்கிறார். மகனைக் காப்பாற்றியதாக அவர் எண்ணுகிறார். உண்மையில், தப்பை ஒப்புக்கொள்ளாமலே தப்பிக்கொள்ளலாம் என்ற பாடத்தைத் தம் கையாலே அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று இதைவிடக் கொடியது. இரவில் சைக்கிளில் வந்த கூலித் தொழிலாளியை இடித்துவிட்டு, “அவன் லைட் இல்லாமல் வந்தான், குடித்திருந்தான்” என்று பொலிசிலும் கம்பனியிலும் சொல்லுவது. 1951-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது, இடிபட்டவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் ஓர் ஆதரவு இருக்கவேண்டும் என்பதற்காகவே. கால் முறிந்து ஆஸ்பத்திரியிற் கிடப்பவனின் பிள்ளைகளுக்கு வரவேண்டிய நட்டஈட்டை அந்த ஒரு பொய் பறித்துவிடலாம். ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும் அங்கே ஒருங்கே மீறப்படுகின்றன.

“கம்பனிகள் எங்களை அலைக்கழிப்பதில்லையா?” என்று கேட்பீர்கள். அலைக்கழிப்பதுண்டு, நியாயமான கோரிக்கையை வீணாய்த் தாமதிப்பதும் அநீதியே. நன்னம்பிக்கை அவர்களுக்கும் கடமை. அதற்காகக் கேட்கவும், எழுதவும், காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடவும் உங்களுக்கு உரிமையுண்டு. ஆனால் அவர்களுடைய பாவம் நம்முடைய பொய்யைப் புண்ணியமாக்காது. பொய் கலந்த கோரிக்கை, உண்மையான பங்கையும் சேர்த்து இழக்கச் செய்யக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

நேர்மை என்பது இல்லாத குற்றத்தை ஏற்பதன்று. கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். வேகம் எவ்வளவென்று நிச்சயமில்லையாயின் நிச்சயமில்லை என்றே சொல்லுங்கள். பழைய பழுதைப் பழையதெனக் காட்டுங்கள். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். பிறர் அதில் எழுதும் பொய்க்கு உங்கள் பெயர் சாட்சியாகிவிடும்.

ஏற்கனவே பொய் சொல்லிப் பணம் பெற்றவர்கள் என்ன செய்வது? பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைக்கும். அதனால் கடன் தீர்ந்துவிடாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒருமிக்க இயலாதவர் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நேரிற் செல்ல வழியில்லாதவர், பாவசங்கீர்த்தனத்தில் தம் குருவானவரிடம் வழி கேட்கலாம். உங்கள் பொய்யால் ஓர் ஏழை நட்டஈட்டை இழந்திருப்பின், முதலில் அவன் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்த அன்று, ஏமாற்றியதை நான்கு மடங்காகக் கொடுப்பேன் என்று சக்கேயு எழுந்து நின்று சொன்னான். மீட்பு அவன் வீட்டுக்கு வந்ததை ஆண்டவரே அறிவித்தார்.

மிஷன் வானின் பின்கதவில் அந்த நெளிவு இன்னும் கிடக்கிறது. பங்கிற் பணம் சேரும்போது திருத்துவோம். அதுவரை அப்படியே ஓடட்டும். நெளிந்த கதவோடு ஆண்டவர் சந்நிதிக்குப் போகலாம். நெளிந்த நாவோடு எப்படிப் போவது? பேனையைத் திறந்துகொண்டு ஒருவர் உங்கள் முன் நிற்கும் அந்த வேளையில், ‘ஆம்’ என்பதை ஆம் என்றும் ‘இல்லை’ என்பதை இல்லை என்றும் சொல்லும் துணிவை உண்மையின் ஆவியானவர் நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக.