நடுவதும் ஒப்படைப்பதும்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் தாம் குடியிருக்கும் புளோக்கின் கீழே உள்ள புல்தரையில் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் வேப்பங்கன்றை நட்டுவிட முடியாது. பேட்டையின் பொது இடங்களை நகர மன்றம் பராமரிக்கிறது. சாலையோர மரங்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. கேட்டுவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும். மரம் நடுவது புண்ணியம் என்று கேட்டு வளர்ந்த தமிழருக்கு இது உறுத்தும். கோயில்தோறும் தல மரம், குளக்கரையில் அரசும் வேம்பும் என்று வாழ்ந்த மரபு நம்முடையது. நல்லது செய்யக்கூட மனுப் போட வேண்டுமா, மனுப் போட்டுச் செய்வது அறமாகுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆகும் என்பதே என் முடிவு. பொது நிலத்தைப் பொறுத்தவரை, கேட்டுச் செய்தால்தான் அந்த அறம் முழுமை பெறும்.

மரம் நடுவதைத் தானம் என்கிறோம். தானத்துக்குக் கொடுப்பவர் மட்டும் போதாது. பெறுபவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பது தர்ம சாஸ்திரங்களின் பழைய நிலைப்பாடு. புளோக்கின் கீழே நடும் கன்றைப் பெறுபவர் யார்? அங்கே வாழும் சீன, மலாய், இந்தியக் குடும்பங்கள் அனைத்தும்தான். ஒருவர் கண்ணுக்கு அரசமரம் தெய்வம். அடுத்த வீட்டாருக்கு அது வடிகாலைப் பெயர்க்கும் வேர். நடுபவர் கொடுப்பது ஒரு காலைப்பொழுது. மரம் கேட்பதோ பல பத்தாண்டுகளுக்கு இடமும் கவனிப்பும். 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேல் வயதுடைய தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். பாரம்பரிய மரமாக அறிவிக்கப்பட்டு, தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டுவந்த மரம் அது. அதற்கே அந்தக் கதி என்றால், யார் நட்டது என்றே தெரியாத மரத்துக்கு யார் பதில் சொல்வது?

பறவை யாரைக் கேட்டு விதை போடுகிறது என்று சிலர் மடக்குவார்கள். உண்மைதான், இந்நகரின் சுவர் இடுக்குகளில் முளைக்கும் ஆலும் அரசும் பெரும்பாலும் பறவைகளின் வேலை. ஆனால் பறவைக்கு அதில் புண்ணியமும் இல்லை, பழியும் இல்லை. விளைவை எண்ணிப் பார்க்க முடிந்தவருக்கே அறம் உண்டு; எண்ணிப் பார்க்கும் கடமையும் அவருக்கே உண்டு. பறவையின் சுதந்திரத்தைக் கேட்பவர் நட்ட புண்ணியத்தையும் சேர்த்துக் கேட்பது பொருந்தாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று புக்கிட் பாத்தோக்கை ஒட்டியே நிற்கிறது. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ மெம்பாட் மரம் நட்டு மரம்நடு இயக்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்தே ஆண்டில் பத்து லட்சம் மரங்கள் நடும் இயக்கம் தொடங்கியது. அதே அரசு 2016இல் புக்கிட் பாத்தோக்கை அடுத்து ஏறத்தாழ 700 ஹெக்டரில் தெங்கா நகரை அறிவித்தபோது, அந்நிலத்தின் பெரும்பகுதி தானாக வளர்ந்த காடாக இருந்தது. ஒரு கன்றை நட மனு, ஒரு காட்டை அழிக்கத் திட்டமா? கேள்வி நியாயமானது; வீடு தேவை என்ற பதிலும் நியாயமானதே. ஆனால் இந்தக் கேள்வி அனுமதி வேண்டாம் என்று வாதிடவில்லை. அனுமதி கேட்கும் கடமை மேலே இருப்பவர்களையும் கட்ட வேண்டும் என்கிறது. நிலம் எல்லோருக்கும் பொது என்பதால் நடுபவர் கேட்க வேண்டியிருக்கிறது. அதே காரணத்தால் வெட்டுபவரும் கேட்டாக வேண்டும். தெங்காவில் 100 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமும் கொண்ட வனப்பாதை திட்டத்தில் சேர்க்கப்பட்டது. காட்டுக்கு அது ஈடாகாது. ஆனாலும் கணக்குச் சொல்லும் கடமை தனக்கும் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம்.

ஆகவே மனுவை வாங்கும் மேசைக்கும் அறம் உண்டு. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இந்த இடம் ஆகாதென்றால் ஆகும் இடத்தைக் காட்ட வேண்டும். மனுத் தருபவர் அந்த மரம் தம்முடையதாக இராது என்பதை முன்பே ஏற்க வேண்டும். அதை ஏற்க மனம் வராதவர் தம் வீட்டுத் தொட்டியில் ஒரு துளசி வளர்க்கட்டும். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.