உப்பளத்துக்கு எந்தக் கேமரா?

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம். ஒளிப்பதிவு என் பொறுப்பு. இருக்கிற பணத்துக்கு இரண்டு வழிகள்தான் தெரிந்தன. அவுட்டோர் யூனிட்டில் அலெக்ஸா மினியை வாடகைக்கு எடுத்துச் சில நாட்களில் முடித்துவிடலாம். அல்லது சோனி எஃப்எக்ஸ்3 மாதிரி ஒரு சின்னக் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு சீசன் முழுக்கப் போய்வரலாம். தயாரிப்புத் தரப்புக்கு இது வாடகைக் கணக்கு. எனக்கோ பல இரவுகள் தூக்கம் போயிற்று. அந்த மனிதர்களை எப்படிப் பார்க்கப்போகிறேன், அவர்களோடு எவ்வளவு நேரம் இருக்கப்போகிறேன் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவில் அடங்கியிருந்தது.

அலெக்ஸாவின் மேல் எனக்குள்ள மரியாதை பழையது. மியூனிக்கில் இருக்கும் ஆரி நிறுவனம் 2010இல் முதல் அலெக்ஸாவைக் கொண்டுவந்தது. 2007இல் வந்த ரெட் ஒன் அதற்கு முன்பே 4கே கொடுத்துக்கொண்டிருந்தது. அலெக்ஸாவோ 3கே கூட எட்டவில்லை. ஆனாலும் ஃபிலிமில் பழகிய கண்கள் அலெக்ஸா பக்கமே சாய்ந்தன. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் ‘ஸ்கைஃபால்’ எடுத்தது அதில்தான். புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’யும் அப்படியே. வெளிச்சம் மிகுந்த இடம் அதில் சட்டென்று வெள்ளையாக வெட்டுப்படாது, மெல்லக் கரையும். தோல் தோலாகத் தெரியும்.

உப்பளத்தில் இது பெரிய விஷயம். காலை பத்து மணிக்கு மேல் அங்கே நின்றால் வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. மேலிருந்து வருகிற வெயில் போதாதென்று உப்பிலிருந்தும் வெயில் எதிர்த்து அடிக்கிறது. நடுவே பாத்தியில் ஒரு பெண் உப்பு வாருகிறார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு, அந்தத் துண்டின் நிழலில் கறுத்த முகம். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால், படிகம் படிகமாக மின்னும் உப்பு எரிந்துபோய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். உப்புக்கு வைத்தால் முகத்தில் கண் எது, மூக்கு எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே ஃபிரேமில் தாங்க வேண்டும்.

ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது. அலெக்ஸா மினி 14 ஸ்டாப்புக்கு மேல் தாங்கும் என்கிறது ஆரி. எஃப்எக்ஸ்3 15க்கு மேல் என்கிறது சோனி. ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலால் அளப்பதால் இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. மொட்டை மாடியில், உச்சி வெயிலில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் நல்ல கறுப்பான நண்பர் ஒருவரை நிறுத்தி இரண்டிலும் டெஸ்ட் ஷூட் எடுத்தேன். அலெக்ஸாவில் அவர் கன்னத்தில் வேர்வை மினுமினுத்தது, பின்னால் சுண்ணாம்புப் பூச்சின் சொரசொரப்பும் இருந்தது. சின்னக் கேமராவில் சுவர் போய்விட்டது.

கறுத்த தோல் என்றதும் எனக்குக் கோபம் வரும். கோடாக் ஒரு காலத்தில் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’களில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். வீடியோ வந்த பிறகும் முகத்துக்கு 70 சதவீதத்தில் ஸீப்ரா, அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் கோடுகள், வை என்றார்கள். அதுவும் வெளுத்த தோலின் கணக்கே. அந்தக் கணக்குக்குள் நம் முகங்களைக் கொண்டுவர மேக்கப்பையும் விளக்கையும் கொட்டிக் கொட்டி வெளுக்க வைத்தோம். உப்பளத்துப் பெண்ணின் நிறம் அவர் நிறமாகவே திரையில் வர வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

அப்படியானால் அலெக்ஸாதானே? மினியின் உடல் 2.3 கிலோதான். ஆனால் அது தனியாக வருவதில்லை. லென்ஸ், மேட் பாக்ஸ், பேட்டரி, மானிட்டர், ஃபோகஸ் புல்லர், உதவியாளர்கள், ஒரு வேன். பாத்திகளுக்கு நடுவே வரப்பு ஒருவர் நடக்கிற அகலம். நாங்கள் போய் நின்றால் உப்பளம் படப்பிடிப்புத் தளமாகிவிடும். வாருகிறவர் நிமிர்ந்து துண்டைச் சரிசெய்வார். மேஸ்திரி குரல் மாறும்.

‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் பார்வையில் எனக்கு ஒப்புதலில்லை. ஆனால் ஆண்டனி டாட் மேன்டில் அதன் பெரும்பகுதியை எஸ்ஐ-2கே என்ற சின்னக் கேமராவில், பதிவுக் கருவியை முதுகுப் பையில் சுமந்து, மும்பைச் சந்துகளில் எடுத்தது சரியான முடிவு. ‘வழக்கு எண் 18/9’ஐ விஜய் மில்டன் கேனன் 7டி ஸ்டில் கேமராவில் எடுத்ததும் அப்படித்தான். தெருவில் நடக்கிற கதைக்குத் தெருவை நிறுத்தாத கேமரா வேண்டும்.

முடிவுக்கு வழிகாட்டியது அவர்களுடைய வேலை நேரம். வெயில் ஏறுமுன் பெரும்பாடு முடிய வேண்டும் என்பதால் பலர் விடியுமுன்னே, டார்ச் வெளிச்சத்தில், பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். நான் மாடியில் வைத்த டெஸ்ட் உச்சி வெயிலுக்கானது. அவர்கள் நாளோ இருட்டில் தொடங்குகிறது. குறைந்த வெளிச்சத்துக்கென்று எஃப்எக்ஸ்3இல் இருக்கும் இரண்டாவது பேஸ் ஐஎஸ்ஓ 12800. டார்ச்சும் அடிவானத்து வெளுப்பும் போதும், நாய்ஸ் பெரிதாகச் சேராமல் முகம் கிடைக்கும். வானம் வெளுக்கத் தொடங்கியதிலிருந்து வெயில் உறைக்கும் வரை உப்பும் முகமும் ஒரே ஃபிரேமில் நிற்கும். சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டேன்.

நண்பகலை இழந்தேன் என்பது உண்மை. அந்தக் கூசலில் அவர்கள் கண்ணே கூசுகிறது, எரிந்துபோன ஃபிரேம்தான் யதார்த்தம் என்று வாதாடலாம். அப்படிச் சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. அலெக்ஸா இருந்திருந்தால் அந்த மணிநேரமும் படத்தில் இருந்திருக்கும்.

வாடகையில் மிச்சமான பணத்துக்கு ஒரு செலவு வைத்திருக்கிறோம். எங்களுக்காக வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுகிறவருக்கு அந்த நேரத்துக்கான கூலி. ஆவணப்படத்தில் பணம் கொடுத்தால் பேச்சு பொய்யாகிவிடும் என்பவர்கள் உண்டு. மாதச் சம்பளக்காரரிடம் பேட்டி எடுப்பதற்கு அது பொருந்தலாம். வாரினால்தான் கூலி என்கிறவரின் ஒரு மணிநேரத்தை இலவசமாகக் கேட்க நான் தயாரில்லை. பட்ஜெட் தாளில் அந்தத் தொகையைக் கேமராவுக்கு மேல் வரியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.