சாப்பிட ஒரு சுடர், பார்க்க ஒரு சுடர்

வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே யூத வீடுகளில் மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டுவிடும். எருசலேமில் 40 நிமிடம் முன்பே. சபாத் எனும் வார ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் நெருப்பு மூட்டக் கூடாது. முன்பே ஏற்றிய சுடர் தொடர்ந்து எரியலாமா? கூடாது என்று சாதித்த காராயர்கள் எனும் யூதப் பிரிவினர் இருட்டிலேயே சாப்பிட்டார்கள். யூத மத அறிஞர்களான ரபிகளோ விளக்கில்லாத விருந்தில் என்ன இன்பம் என்றார்கள்.

எதை எரிப்பது என்பதிலும் ரபிகள் கறார். தார் கூடாது; நாற்றம் தாங்காமல் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள் என்கிறது யூதச் சட்ட நூலான தால்முத். விருந்து மேசையில் வாசனை மெழுகுவத்தி அடுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஹனுக்கா பண்டிகையின் விளக்கு இதற்கு நேர்மாறு. அதன் ஒளியில் காசுகூட எண்ணக் கூடாது, பார்க்க மட்டுமே. புழங்குவதற்கென்று பக்கத்தில் 'ஷமாஷ்' என்ற தனிச் சுடர் உண்டு.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால் ஏழை என்ன செய்வார்? பாபிலோனிய அறிஞர் ரவா தயங்கவில்லை. பழைய அற்புதம் ஒன்றை நினைவூட்டும் ஹனுக்கா விளக்கைத் தள்ளிவைத்து, சாப்பாட்டுக்கு ஒளி தரும் சபாத் விளக்கைத் தேர்ந்தார். வீட்டின் அமைதியே காரணம். ஆனால் சபாத் திராட்சை மதுவா, ஹனுக்கா விளக்கா என்று வந்தபோது அவர் மதுவை விட்டுக்கொடுத்தார்.