திறக்காத சிப்பி

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அள்ளி வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பி இன்ன விலை. உள்ளே முத்து இருக்கிறதா, இருந்தால் பட்டாணியா கடுகா என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. பெரிய வியாபாரிகள் மொத்தமாக எடுப்பார்கள். கையில் சில்லறை மட்டும் வைத்திருப்பவர், முத்துக்குளிப்பவரின் பங்கிலிருந்து நாலைந்து சிப்பி வாங்கி, அங்கேயே உட்கார்ந்து கத்தியால் நெம்பிப் பார்ப்பார். பெரும்பாலும் சதைதான் இருக்கும்.

சூதாட்டம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் சலாபத்துக்கு முன்பே சர்க்கார் ஒரு காரியம் செய்தது. முத்துப் பார்களிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்களைச் சல்லடையில் தரம் பிரித்து, அனுபவப்பட்ட வியாபாரிகளை வைத்து மதிப்புப் போட்டது. ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று கணக்கு வெளியாகும். அதைப் பார்த்துத்தான் ஏலம்.

அந்தக் கணக்கு பொய் இல்லை. ஆனால் அது குவியலைப் பற்றிய உண்மை. உங்கள் கையில் இருக்கும் ஒற்றைச் சிப்பியைப் பற்றி அது மூச்சு விடாது. சில சமயம் குவியலே காலை வாரும். 1905-ல் இலங்கைப் பக்கம் பிரமாதமான சலாபம். அடுத்த வருஷமே ஒரு லண்டன் கம்பெனி 20 வருஷக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்களில் சிப்பியே இல்லை. கம்பெனி மூழ்கியது.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருவோம். ‘ஃபேன்டசி’ விளையாட்டு தெரியும்தானே? நிஜ ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியிலிருந்தும் 11 பேரை நீங்கள் பொறுக்க வேண்டும். அவர்கள் அடிக்கும் ரன், எடுக்கும் விக்கெட் உங்களுக்குப் பாயிண்ட். கேப்டனுக்கு இரட்டிப்பு. ஐ.பி.எல். சீஸனில் 49 ரூபாய் கட்டிவிட்டுக் கோடிக் கனவோடு தூங்கப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

ஓட்டப்பிடாரத்து டீக்கடை ஒன்றில் ஒரு தம்பி எனக்குத் தன் வித்தையை விளக்கினார். “எனக்குப் பிடிச்ச பிளேயர், ராசியான பிளேயர்னு எல்லாம் எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. வெளிநாட்டுப் பந்தயக்காரன் யாருக்கு என்ன ஆட்ஸ் போட்டிருக்கான்னு பார்ப்பேன். அவன் பணத்தை வச்சு ஆடுறவன். தப்பா போட்டா அவனுக்குத்தான நஷ்டம்? அந்த வரிசையிலதான் என் டீம். இதுல சூது எங்க இருக்கு? எல்லாம் கணக்கு.”

கெட்டிக்காரத்தனம்தான். ஒரு பேட்ஸ்மேன் அதிக ரன் எடுப்பார் என்பதற்கு ‘நான்கு’ என்று ஆட்ஸ் இருந்தால், 100 ரூபாய்க்கு 400 தருகிறான். அதாவது நாலில் ஒரு தடவை நடக்கலாம் என்பது அவன் மதிப்பு. நிஜத்தில் அதற்கும் குறைவு. ஏனென்றால் அவன் தன் லாபத்தை உள்ளே ஒளித்திருக்கிறான். சரிசமமான இரண்டு அணிக்கும் 100-க்கு 190 என்று போடுவான். கூட்டிப் பார்த்தால் வாய்ப்பு 105 சதவிகிதம் வரும். உலகத்தில் வாய்ப்பு நூறைத் தாண்டாது. மிச்சம் ஐந்து, கடைக்காரர் கூலி.

இதில் இன்னொரு சிக்கல். தம்பி பார்க்கும் ஆட்ஸை எல்லாத் தம்பிகளும் பார்க்கலாம். எல்லாரும் அதன்படி எடுத்தால் எல்லார் அணியும் ஏறக்குறைய ஒன்றுதான். லட்சம் பேரில் முதலாவதாக வர வேண்டுமானால், யாரும் எடுக்காத ஒருவரை எடுத்து அவர் அன்றைக்கென்று வெளுத்து வாங்க வேண்டும். கணக்கு உங்களைக் கூட்டத்தின் முன்வரிசை வரை கொண்டு விடும். அதற்கப்புறம் ஒற்றைச் சிப்பிதான்.

திறமையா, அதிர்ஷ்டமா? நம் கோர்ட்டுகள் வெகுநாள் இதையே கேட்டுக்கொண்டிருந்தன. கிண்டிக் குதிரைப் பந்தய வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட், குதிரை ஓட்டம் பெரும்பாலும் திறமை சார்ந்தது, எனவே சூது அல்ல என்றது. 2017-ல் பஞ்சாப் - ஹரியானா ஹைகோர்ட் ‘ட்ரீம் லெவன்’ ஆட்டத்துக்கும் அதையே சொன்னது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் அந்தக் கேள்வியையே ஓரங்கட்டி, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் போட்டது. கம்பெனிகள் கட்டணப் போட்டிகளை நிறுத்தின.

சட்டம் கிடக்கட்டும். தம்பியின் திறமையை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. அவர் ஜெயிக்கும் பணம் யாருடையது? பந்தயக்காரனுடையது இல்லை. ஆட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாமல், தோனி மேல் உள்ள பிரியத்தில் தோனியைக் கேப்டனாகப் போட்டானே இன்னொரு தம்பி, அவனுடையது. சலாபத்தில் சர்க்கார் கணக்கு எல்லார் முன்னாலும் படிக்கப்பட்டது. இங்கே ஒருவன் கணக்கோடு வருகிறான், ஒருவன் ஆசையோடு வருகிறான். நடுவில் கம்பெனி தன் பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கைமாற்றுகிறது. ‘திறமை’ எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குத் திறமையில்லாதவன் பாக்கெட் நிச்சயமாகக் காலியாகிறது. விந்தை பாருங்கள், ஆட்டத்தைச் சட்டப்படி நல்லதாக்கிய குணம்தான் அதைத் தர்மப்படி உறுத்தலாக்குகிறது.

செஸ் போட்டியிலும் நுழைவுக் கட்டணம் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் தோற்றவன் எதிரில் உட்கார்ந்தவன் முகத்தைப் பார்க்கிறான், எங்கே சறுக்கினோம் என்று தெரிந்துகொள்கிறான். இங்கே தோற்றவனுக்கு எதிராளி யாரென்றே தெரியாது. ‘இன்றைக்கு நேரம் சரியில்லை’ என்று மறுநாள் இன்னொரு 49 கட்டுகிறான்.

அப்படியென்றால் ரிஸ்க்கே எடுக்கக்கூடாதா? இதே ஓட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் 25 ரூபாய்ப் பங்குகளாக 40,000 போட்டு, பத்து லட்சம் மூலதனத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அன்றைக்கு எந்தப் பந்தயக்காரனும் அவருக்கு நல்ல ஆட்ஸ் கொடுத்திருக்க மாட்டான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908-ல் அவர் சிறைக்குப் போனார். 1911-க்குள் கம்பெனி கலைந்தது. பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள். ஆனால் ஒருவர் நஷ்டம் இன்னொருவர் லாபமாக வேண்டும் என்பதற்காக அவர்கள் பணம் போடவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே அதுவரை இல்லாத ஒரு கப்பல் ஓடியது.

இந்தக் கரையில் கடைசிச் சலாபம் 1961-ல் முடிந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1973-ல், ஓட்டப்பிடாரம் தாலுகாவிலேயே உள்ள வேப்பலோடையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். சிப்பியின் சதையில் ஒரு சிறு மணியை வைத்து, கடலில் விட்டுக் காத்திருந்தார்கள். அதிலும் எல்லாச் சிப்பியும் முத்துத் தராது. சில செத்துப்போகும், சில மணியைத் துப்பிவிடும். அங்கேயும் கணக்கு வேண்டும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். ஆனால் அங்கே முத்து விளைந்தால், பக்கத்து வீட்டுக்காரன் எதையும் இழக்க வேண்டியதில்லை.