சாவா ஆடுகளும் மண்ணில் தங்கும் கரிமமும்

புதுச்சேரியை அடுத்த பாகூரின் மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன. கோயிலில் அணையாமல் விளக்கெரிய ஆடு விடுவது அந்தக் காலத்துப் பெரிய தர்மம். அதன் கணக்கு கறாரானது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லாவிட்டால் 48 பசு, அதுவும் இல்லாவிட்டால் 16 எருமை. நாளுக்கு ஓர் உழக்கு நெய். இப்படி விடப்பட்ட ஆடுகளுக்குக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகத்தான் செய்யும். செத்ததன் இடத்தில் குட்டி நிற்கும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது.

மண்ணில் கரிமம் நிற்பதும் இந்த ஏற்பாட்டில்தான்.

காற்றிலிருந்து புல் இழுத்த கரியமில வாயு வேராகவும் சருகாகவும் மண்ணுக்குள் போகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெரும்பகுதியைத் திரும்ப வெளியே விட்டுவிடும். மிச்சம் களித் துகள்களோடு ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்து வெக்கையில் செலவு வேகம் அதிகம். மாடுகளை இடம் மாற்றி மாற்றி மேயவிட்டுப் புல்லுக்கு ஓய்வு கொடுத்தால் வரவு கூடும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில், முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வளர்ப்பவர்கள் இதைப் பரம்பரையாகச் செய்கிறார்கள். புதுச்சேரிப் பக்கத்தில் பாகூரிலும் வில்லியனூரிலும் அப்படித் தனி மேய்ச்சல் காடு ஏது? ஏரிக்கரை, வரப்பு, அறுப்பு முடிந்த வயலின் தாள், அவ்வளவுதான்.

2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது பிரான்ஸ் ‘ஆயிரத்துக்கு நான்கு’ என்ற முயற்சியைத் தொடங்கியது: மண்ணின் கரிமத்தை ஆண்டுக்கு 0.4 சதவீதம் கூட்டுவது. இந்தக் கரிமம் இன்று கார்பன் கிரெடிட்டாக விலைக்கும் போகிறது. எங்கோ புகைவிடும் கம்பெனி, எங்கோ ஒரு மேய்ச்சல்காரரின் மண்ணைக் காட்டித் தன் கணக்கை நேர் செய்துகொள்கிறது. இது தானமா, பரிகாரமா?

பரிகாரத்துக்கு முன்மாதிரி உண்டு. வேட்டையில் அம்பு தவறி ஆளைக் கொன்றவர் கோயிலுக்கு விளக்கு வைக்க வேண்டும் என்று ஊரார் தீர்ப்பளித்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சில சொல்கின்றன. ஆனால் அது தெரியாமல் நடந்துபோன குற்றத்துக்கு. நாளைக்கும் எய்யப்போகும் அம்புக்கு இன்றே விளக்கு வைக்க எந்தச் சபையும் இடம் கொடுத்திருக்காது. கார்பன் கிரெடிட் அதற்குத்தான் இடம் கொடுக்கிறது. போதாததற்கு, மாடு ஏப்பம் விடும் மீத்தேன் வேறு. நல்ல மேய்ச்சல் முறையால் மண்ணில் சேர்வது, மேய்ச்சல் கால்நடைகள் வெளியேற்றுவதில் 20 முதல் 60 சதவீதத்தைத்தான் ஈடுகட்டும் என்கிறது 2017இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த அறிக்கை.

இப்படி மேய்ச்சல் மண்ணின் கரிமத்தை விற்ற வட கென்யப் புல்வெளித் திட்டத்தின் கிரெடிட்டுகளை நெட்ஃபிளிக்ஸும் மெட்டாவும் வாங்கின. அங்குள்ள போரானா, சம்புரு மக்கள் ஏற்கெனவே முறை வைத்து மேய்த்துவந்தவர்கள்தானே, இதில் புதிதாக என்ன சேர்ந்தது என்று 2023இல் பழங்குடி உரிமை அமைப்பான சர்வைவல் இன்டர்நேஷனல் கேட்டது.

தஞ்சையில் ஆடு பெற்ற இடையர்களுக்கு உறவினர்கள் பிணை நின்றார்கள். அவர்கள் பெயரும் கல்லில் இருக்கிறது. பாகூரில் குத்தகைக்குப் பயிர் செய்பவர், கார்பன் கிரெடிட்டுக்காக முப்பது வருடம் புல் நிலத்தை உழமாட்டேன் என்று யாரை நம்பி எழுதிக் கொடுப்பார்? நிலம் அவருடையது அல்ல. மாட்டை வைத்திருப்பதா விற்பதா என்பதைப் பால் விலை முடிவு செய்கிறது.