எழுப்பப்படுபவரின் நியாயம்

சூதாட்டம் நமக்கு விலக்கப்பட்டது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் போக்கர் சுற்றுப்போட்டிகளின் ஒழுங்குவிதி ஒன்று என்னைச் சிந்திக்க வைக்கிறது. எல்லோருக்கும் சமநிலை வேண்டுமென்பதற்காக ஒருவரை மட்டும் எழுப்பி வேறு மேசையில் அமர்த்துவது நியாயமா?

லாஸ் வெகாஸில் 1970 இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில், 2023 இல் 10,043 பேர் பங்குபற்றினர். இத்தனை பேரும் பல மேசைகளில் பிரிந்து ஆடுவர். சில்லுகளை முற்றாக இழந்தவர் வெளியேற, ஒரு மேசையில் ஒன்பது பேரும் இன்னொன்றில் ஆறு பேரும் மிஞ்சலாம். சீட்டைப் பார்க்குமுன்பே வைக்கவேண்டிய கட்டாயப் பணயமோ ஆளுக்காள் சுற்றி வருவது. கரும்பலகைக் கணக்காகச் சொன்னால், 90 ஆட்டங்களில் முதல் மேசைக்காரர் பெரிய பணயத்தை 10 தடவை வைப்பார். மற்றவர் 15 தடவை வைப்பார். ஆகவே யாரையும் அசைக்காதிருப்பதும் அநீதியே.

அப்படியாயின் யாரை எழுப்புவது? ஒரு மேசை முழுவதுமே கலைக்கப்பட்டால், அதிலிருந்தோருக்குக் குலுக்கலில் புதிய இடம் கிடைக்கும். ஒருவரை மட்டும் மாற்றும்போது பரவலாகக் கைக்கொள்ளப்படும் விதி வேறு. அடுத்துப் பெரிய பணயம் வைக்கவேண்டியவரே எழுப்பப்படுவார். புதிய மேசையிலும் அந்த முறை விரைவில் வரும் ஆசனமே அவருக்கு. இங்கும் குலுக்கிப் போட்டால், பணயத்தை இப்போதுதான் வைத்தவர் மறுபடியும் வைக்க நேரலாம். வைக்கவேண்டியவர் தப்பிவிடவும் கூடும். இவ்விதி கெட்டிக்காரன், புதியவன் என்று முகம் பார்ப்பதில்லை. கடன் யாருடையதோ அவரையே தேடுகிறது.

இருந்தும் ஓர் இழப்பு மிஞ்சுகிறது. மணிக்கணக்காக எதிரிலிருந்தோரின் போக்கைக் கவனித்து அவர் தேடிய அறிவு, எழுந்த கணமே பயனற்றுப் போகிறது. அதற்கு ஈடாக ஒரு சில்லும் கிடையாது.

‘விதிக்குச் சம்மதித்துத்தானே வந்தார்’ என்பார்கள். சம்மதம் முறைப்பாட்டின் வாயை அடைக்கலாம், இழப்பை அழித்துவிடாது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, ஆள் பாராது, ஆகக் குறைந்த பாதிப்போடு ஒருவரை எழுப்பும் விதியை நான் நியாயமானது என்றே ஏற்பேன். ஆனால் அதனை நடத்துவோர், பலரின் சமத்துவத்துக்கான விலையை அந்த ஒருவர் செலுத்தியிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை மறந்த இடத்தில் விதி சரியாகவே இருக்கும். நியாயம் மட்டும் குறைந்திருக்கும்.